வாணாம் நானா போட்டுத் தந்த பெரிய பெக்கேஜ்

வருகிற வாடிக்கையாளரையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டே ஒரு மனிதர் கடையும் நடத்தி, குடும்பத்தையும் காப்பாற்ற முடியும் என்பதற்குப் புத்தளத்துக் கரையோரம் முழுக்கத் தேடினாலும் ஒரேயோர் அத்தாட்சிதான் கிடைக்கும். அவர்தான் தில்லையடியில் போனுக்குக் காசு போடும் ரீலோட் கடை வைத்திருக்கும் வாணாம் நானா; எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். உம்மா வாப்பா அவருக்கு வைத்த பெயரை இந்தப் பத்து வருடத்தில் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அது ஒங்களுக்கு வாணாம் சேர்" என்றுதான் சொல்லியிருப்பார்.

கடை என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடி மேசை, ஒரு கதிரை, கழுத்து ஆடாத ஒரு மின்விசிறி. சுவர் நிறைய 'அளவில்லாமல் பேசுங்கள்' என்று விளம்பரங்கள். அவற்றை ஒட்டியவரும் நானாதான், "அதப் பாத்து ஏமாறாதீங்க" என்று சொல்கிறவரும் நானாதான்.

இத்தனை நாளுக்கு இத்தனை நிமிடம் என்று பெக்கேஜ் போட வருகிறவர் முதலில் போனை மேசையில் வைக்க வேண்டும். நானா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தப் போனின் கோல் லிஸ்டை வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரத்து வாசிப்பார். வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து தரமாட்டார் அல்லவா, அந்த நியாயம்தான். வாசித்து முடித்ததும் தீர்ப்பு வரும். தீர்ப்பு அநேகமாக 'வாணாம்' என்றுதான் இருக்கும்.

ஒருமுறை இறால் பண்ணை முதலாளி ஒருவர் வந்து, இருப்பதிலேயே பெரியதைப் போடச் சொன்னார்.

"வாணாம் முதலாளி. நீங்க கதைக்கிறதே மூணு பேரோட. அதுல ஒராள் ஒங்கட டிரைவர். அவர் வெளிய நிக்கிறார், கைதட்டிக் கூப்பிட்டாப் போதும்."

கற்பிட்டிப் பக்கத்து மீனவர் ஒருவர் ஏழு நாள் பெக்கேஜ் கேட்டார்.

"எப்ப கடலுக்குப் போற?"

"நாளைக்கு நானா. வர அஞ்சு நாள் செல்லும்."

"அங்க சிக்னலும் இல்ல. மீனோடயா கதைக்கப் போற? வந்து போடு."

இப்படிப்பட்டவரிடம் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நான் கணிதம் படிப்பிக்கிறவன். எனக்குப் பெக்கேஜ் தெரிவுசெய்ய இன்னொருவர் எதற்கு? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, எல்லாக் கம்பனிகளின் பெக்கேஜையும் அட்டவணை போட்டு, ஒரு நிமிடத்தின் விலையை நான்கு தசம தானத்துக்குக் கண்டுபிடித்தேன். பச்சைப் பேனை, சிவப்புப் பேனை எல்லாம் பாவித்தேன். ஆசிரியர் அறையில் அதைக் காட்டியபோது எல்லோருக்கும் திடீரென்று பாடம் இருந்தது.

இவ்வளவு ஆராய்ச்சியும் யாரோடு கதைக்க என்று கேட்பீர்கள். என் ஒரே மகளோடு. அவள் மலைநாட்டில் ஒரு கல்வியியற் கல்லூரியில், என்னைப் போலவே கணித ஆசிரியையாவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டது வேறு பாடம், அனுப்பியது நான். ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு எனக்கு ஒரு ரிங் கட் தருவாள். ஒரு தடவை அடித்துவிட்டு வைத்தால், உழைக்கிறவர் திருப்பிக் கோல் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அதுதான் சட்டம். நானும் எடுப்பேன்.

"சாப்பிட்டியா? குளிரா? படிக்கிறியா? சரி, வைக்கிறன்."

முப்பத்தெட்டு விநாடியில் தகப்பன் கடமை முடிந்துவிடும். அதை ஒரு திறமையாகவே நினைத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டு விநாடிக்கு ஆகச் சின்னப் பெக்கேஜே போதும் என்று என் அட்டவணை சொன்னது. முதலாளிக்கே சின்னதைச் சிபாரிசு செய்தவர் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்ற நம்பிக்கையில் நானாவிடம் போய்ப் போனை வைத்தேன். பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். நானா லிஸ்டை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், மறுபடியும் மேலே தள்ளினார். ஆனால் உரத்து வாசிக்கவில்லை. என் கணக்கின் அழகில் மனுசன் வாயடைத்துப்போனார் என்று எண்ணிக்கொண்டேன்.

"இது வாணாம் சேர். பெரிசு போடுறன். ஆயிரம் நிமிஷம், முப்பது நாள்."

"நானா, நான் கணக்குப் பாத்துத்தான்..."

"கணக்கு சரி சேர். பெக்கேஜ்தான் பிழை. முப்பது நாளுக்குள்ள கதைச்சு முடிச்சிடுங்க. வீண் விரயத்துக்கு மறுமையில கேள்வி இரிக்கி."

நான் வாயைத் திறக்க முதல் பொத்தானை அமுக்கிவிட்டார். மனுசனுக்குக் கடைசிக் காலத்தில் கொமிசன் ஆசை பிடித்துவிட்டது என்று வீட்டில் வந்து கத்தினேன். "அவரு செஞ்சா சரியாத்தான் இரிக்கும்" என்றாள் மனைவி. கட்டிய கணவனை விட ரீலோட் கடைக்காரரை நம்புகிற பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

இப்போது தலையிடி தொடங்கியது. ஆயிரத்தை முப்பதால் பிரித்தால் நாளொன்றுக்கு முப்பத்துமூன்று நிமிடம். ஓர் இலக்கம் கண்முன்னே வீணாகக் காலாவதியாவதைக் கணித ஆசிரியனால் எப்படித் தாங்க முடியும்? மச்சானுக்கு எடுத்தேன். நான் சும்மா எடுத்ததே இல்லையாதலால், யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று மனிதர் பதறிப்போனார். பாடசாலை அதிபருக்கு எடுத்தேன். இரண்டாம் நாளிலிருந்து அவர் எடுக்கவில்லை. மிஞ்சியது மகள்தான்.

அன்றைக்கு வழக்கமான மூன்று கேள்வியும் முடிந்ததும், "வேற என்ன?" என்று கேட்டேன்.

"வாப்பா, ஒங்களுக்குச் சொகமில்லையா?"

உப்பளத்தில் உப்பு வாரத் தொடங்கியதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையைத் தின்றதைச் சொன்னேன். மறுநாளும் அதே ஆட்டைச் சொன்னேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் ஆடும் கைவிட்டுவிட்டது. இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருந்தாலும் நிமிடம் கழிகிறதே என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"வாப்பா, எனக்கு இங்க கணக்கு ஒன்டும் விளங்குதில்ல. வெள்ளிக்கெழம ஊட்டுக்கு வந்துடுறன். பேக்கும் கட்டிட்டன்."

அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எப்ப இருந்து மகள்?"

"வந்த கெழமையில இருந்து. அதச் செல்லத்தான் ஒவ்வொரு நாளும் ரிங் கட் தந்தன். நான் வாயத் தொறக்க முதல் நீங்க வச்சிடுவீங்க. உம்மாட்ட செல்லவும் பயம், அவ ஒங்கள்ட்ட செல்லிடுவா."

ஊரார் பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை ஏழு தரம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். என் பிள்ளைக்கு என்னிடம் முப்பத்தெட்டு விநாடிதான் இருந்திருக்கிறது.

"வாறதென்டா வா மகள், வாப்பா பஸ் ஸ்டாண்ட்ல நிப்பன். அதுக்கு முன்ன, விளங்காத கேள்வி ஒன்ட வாசி, பாப்பம்."

வாசித்தாள். சீ.ஆர். கொப்பியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலம். அடுத்த நாளும் எடுத்தேன், அதற்கடுத்த நாளும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. கட்டிய பேக்கை அவிழ்த்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். இருபதாம் நாள் ஆயிரம் நிமிடமும் தீர்ந்துபோனது.

மறுபடி நானாவிடம் போய்ப் போனை வைத்தேன். லிஸ்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மகள் படிக்கிறாவா சேர்?"

"ஓம் நானா. பேக் கட்டி வச்சிருந்த புள்ள, இப்ப படிக்குது." மேசைப் பக்கம் குனிந்து கேட்டேன். "அன்டைக்கு மட்டும் ஏன் நானா எல்லாருக்கும் கேக்க வாசிக்கல்ல?"

"ஒவ்வொரு நாளும் மகள்ட ரிங் கட், நீங்க கதைச்சது ஒரு நிமிஷமும் இல்ல. அது மத்தாக்களுக்குக் கேக்க வேண்டிய கணக்கில்ல சேர்" என்றார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டே.

இப்போது அவள் இரண்டாம் வருடம். போனிலேயே மூன்று தட்டுத் தட்டினால் பெக்கேஜ் போடலாம் என்று போன லீவில் வந்தபோது காட்டித் தந்தாள். படித்துக்கொண்டதாகச் சொல்லித் தலையாட்டினேன். ஆனாலும் மாதம் பிறந்தால் தில்லையடிக்கு நடந்தே போகிறேன். என் குறையை முழுக்கத் தெரிந்துகொண்டு, அதை யாருக்கும் சொல்லாமல் விட்ட ஒரு மனிதரின் முன்னால் மாதத்தில் ஐந்து நிமிடமாவது நிற்காவிட்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.