மிதிக்கக்கூடாத பிரேக்

எட்டாவது தடவை பிரேக் மிதித்தபோது பின்னால் வந்த பஸ்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஹார்னில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

"இன்னும் ரெண்டே ரெண்டு தடவைதாங்க, மன்னிச்சுக்குங்க" என்று கோகுலராஜ் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டான். பஸ்காரருக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் மனது கேட்கவில்லை.

அவன் ஓட்டிக்கொண்டிருந்தது இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ராகலை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கம் முதலாளியின் மகன் மதுரனுடையது. ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா சீசன் பந்தயத்தில், திடலில் அது முப்பது சுற்று ஓட வேண்டும். முப்பது சுற்றுக்கும் பிரேக் பேட் தாங்க வேண்டும்.

அது தாங்குவதற்கான வழியை மதுரனே மஞ்சள் சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்தான்: 'அறுபதிலிருந்து பத்துக்கு, பத்துத் தடவை. முழுசாக நிறுத்தாதே. பிறகு இருபது நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடு. ஹேண்ட் பிரேக்கும் கூடாது. இதுதான் கடைசி செட்.' கடைசி செட் என்பதன் கீழே மூன்று கோடுகள் இருந்தன.

அந்த மூன்று கோடுகளுக்கும் காரணம் கோகுலராஜ்தான். போன வருடம் திடலிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்த காரை வாங்கி, பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடி யாருடனோ பத்து நிமிடம் கதை பேசிவிட்டான். பேட் உருகி டிஸ்க்கில் அப்பிக்கொண்டது. அடுத்த ஓட்டத்தில் கார் குளிர்காய்ச்சல் வந்த ஆளாய் நடுங்கியது. மத்தியானத்துக்குள் பேட் தேய்ந்து தீர்ந்தது. மதுரன் மிச்சப் பந்தயத்தை வெளியே நின்று அவித்த சோளம் தின்றபடி பார்த்தான். மறுநாளே கோகுலராஜ் கடையின் கருவாட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டான். எட்டு மாதம். குளித்துவிட்டு வராமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று மனைவி பிரியந்தினி சட்டம் போட்டிருந்தாள்.

இப்போது கிடைத்திருப்பது மன்னிப்பு. "இந்தத் தடவையும் கெடுத்தீங்கன்னா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் கருவாடுதான்" என்று மதுரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் கோகுலராஜ் நம்பவில்லை.

ஒன்பது. பத்து. பத்தாவது தடவை பெடல் மெத்தென்று இறங்கியது. காலையில்தான் மெக்கானிக் ஜெயகாந்தன் பேட் மாட்டி, புது பிரேக் ஒயிலும் ஊற்றிக் கொடுத்திருந்தான். 'பேட் பழகிருச்சு' என்று கோகுலராஜ் மகிழ்ந்து போனான். போனில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்தான்.

பஸ் அவனை முந்தியது. கண்டக்டர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, காரின் அடிப்பக்கத்தைக் காட்டி ஏதோ கத்தினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. 'திட்டட்டும், இருபது நிமிஷந்தானே' என்று கோகுலராஜ் பெருந்தன்மையாகச் சிரித்தான்.

கந்தப்பளையில் முதல் சோதனை நின்றுகொண்டிருந்தது. அதன் கையில் ஒரு சட்டித் தயிர் இருந்தது.

பிரியந்தினி. தங்கை வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், தன் புருஷன் சிவப்புக் காரில் தனியாக வருவதைப் பார்த்ததும் நடு ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

நிறுத்த முடியாது. ஏற்றாமல் போனால் வீட்டுக்குப் போக முடியாது. கோகுலராஜ் கியரைக் குறைத்து நடை வேகத்துக்கு வந்தான்.

"ஏறு! ஏறு! ஓடி வந்து ஏறு!"

"நிப்பாட்டுனாத்தானேங்க ஏற முடியும்!"

"நிப்பாட்ட முடியாது! கதவைப் பிடி!"

ஒரு கையில் தயிர்ச் சட்டி, ஒரு கையில் சேலைக் கொசுவம். முழுதாக ஐம்பது அடி ஓடி, தரையோடு தரையாக இருந்த அந்த சீட்டில் பிரியந்தினி விழுந்தாள். மூச்சு வாங்கி முடிந்ததும் ஆரம்பித்தாள்.

"ஊரே பாத்துச்சுங்க. சொந்தப் பொண்டாட்டிய நாய் மாதிரி ஓட விட்டீங்களே."

"பேடு சூடா இருக்கு, பிரியா."

"என் தலைதாங்க சூடா இருக்கு! ஆமா, இது என்ன செவப்பு லைட்டு?"

ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பலகையில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்பிடித்தான். நாலஞ்சு லைட்டு எரியும்" என்றான் கோகுலராஜ், தெரிந்தவன் போல.

எட்டு நிமிடம் கழிந்திருந்தது. அடுத்த சுற்றுவட்டத்தில் நுவரெலியா பக்கம் முழுக்க சீசன் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அதற்குள் போனால் பிரேக் மிதித்தே ஆக வேண்டும். கோகுலராஜுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வரும்போதெல்லாம் பிரியந்தினிக்கு நெஞ்சு படபடக்கும். சுற்றுவட்டத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் என்ன?

முதல் சுற்றை டிராஃபிக் பொலிஸ்காரர் கவனிக்கவில்லை. மூன்றாவதில் முறைத்தார். நாலாவதில் விசிலை ஊதி, கையைக் காட்டி, சிங்களமும் தமிழுமாகக் கத்தினார்.

"நவத்தன்ன! நவத்தன்ன! ஏய், நிப்பாட்டு!"

"இன்னும் பத்து நிமிஷம், மாத்தயா!" என்று கத்திக்கொண்டே கோகுலராஜ் ஐந்தாவது சுற்றுக்குப் போனான்.

பொலிஸ்காரர் அனுபவசாலி. வியர்த்து வழியும் டிரைவர், பக்கத்தில் சட்டியைக் கட்டிப்பிடித்து அலறும் பெண், நிற்காத கார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பிரேக் நே! பிரேக் நே! எல்லாரும் ஒதுங்கு! காருக்கு பிரேக் இல்ல!"

"பிரேக் இருக்கு மாத்தயா! நல்ல பிரேக்! புது பிரேக்!" என்று கோகுலராஜ் ஜன்னல் வழியாகக் கதறினான்.

யாரும் நம்பவில்லை. பிரேக் இருக்கிறவன் எதற்கு இப்படிக் கதறுகிறான் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

பிரியந்தினிக்கும் அதே கேள்விதான். "பிரேக் இருக்குன்னா மிதிங்களேன்!"

"மிதிச்சா கருவாடு!"

கார் மேலும் பல சுற்றுகள் சுற்றி முடிப்பதற்குள் பொலிஸ்காரர் ஓடிப்போய் மேட்டுப்பக்கம் ஏறும் ஒரு கிளை ரோட்டைத் திறந்துவிட்டார். மேட்டில் ஏறினால் கார் தானாக நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் வழி கிடைத்த சந்தோஷத்தில் கோகுலராஜ் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டான். கார் மேட்டின் உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் நல்ல இறக்கம். முதல் கியரில் எஞ்சின் ஊளையிட்டது. அப்படியும் வேகம் கூடியது.

அதற்குள் தகவல் போன் வழியாக முன்னால் ஓடியிருந்தது. கீழே மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பிரேக் இல்லாத காரைக் காப்பாற்றியே தீருவது என்று கோவாக்கோசு மூட்டைகளை ரோட்டுக்குக் குறுக்கே ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்று கை தட்டி உற்சாகப்படுத்தினார்கள். "வாங்க, வாங்க! பயப்படாம நேரா வாங்க!"

போனில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

பிரியந்தினி இப்போது கத்தவில்லை. சின்னக் குரலில்தான் கேட்டாள். "என்னங்க... நான் வேணுமா, பேடு வேணுமா?"

கோகுலராஜுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. பந்தயம், மதுரனின் சிரிப்பு, எட்டு மாதக் கருவாடு, எல்லாமே. இவளை விடவா என்று தோன்றியது. காலைத் தூக்கிப் பிரேக் மேல் கொண்டுபோனான்.

அந்த நொடியில்தான் இடது பக்கம் அது தெரிந்தது: புதிதாகக் கொத்தி, தண்ணீர் பாய்ச்சி, களிபோல் கிடந்த ஒரு லீக்ஸ் பாத்தி. பேடும் வேண்டும், பெண்டாட்டியும் வேண்டும் என்று கோகுலராஜ் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் ஓரத்து வரப்பில் குதித்து, பாத்திக்குள் பாய்ந்து, பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. தயிர்ச் சட்டி மட்டும் நிற்காமல் அவன் தலையில் கவிழ்ந்தது.

போனில் மணி அடித்தது.

"இருபது நிமிஷம்!" கோகுலராஜ் தயிர் வடியும் முகத்தோடு கத்தினான். "ஒரு தடவகூட மிதிக்கல! ஒரு தடவகூட!"

ஊர் கூடிவிட்டது. மூச்சிரைக்க வந்த பொலிஸ்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். பிரேக் இல்லாமல் இவ்வளவு தூரம் ஓட்டி வந்தவனை நெருங்கிப் பார்க்க ஆட்கள் முண்டியடித்தார்கள்.

"பிரேக் இருக்குங்க. நாந்தான் மிதிக்கல" என்று அவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

"சரிங்க, சரிங்க. மொதல்ல சோடாவக் குடிங்க" என்று அவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படித்தான் ஆகும் என்று ஒரு அம்மா பிரியந்தினியிடம் சொன்னார். அவள் வரப்பில் உட்கார்ந்து, புருஷன் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. மெக்கானிக் ஜெயகாந்தன் குதித்து இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்குப் பழக்கமான அந்த பஸ் கண்டக்டர் போன் பண்ணிச் சொன்னதிலிருந்து, ரோட்டையே பார்த்தபடி வந்திருக்கிறான். நேரே சேற்றுக்குள் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். கை நனைந்து வந்தது. காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை ஒரு தடவை மிதித்தான். பிறகு நிமிர்ந்து கோகுலராஜையும், வரப்பில் இருந்த பிரியந்தினியையும் மாறி மாறிப் பார்த்தான்.

கோகுலராஜுக்கு உயிர் நின்றுவிடும்போல் இருந்தது. "ஜெயா, மறைக்காமச் சொல்லு. பேடு எப்பிடி இருக்கு?"

"பேடுக்கு ஒன்னுமே ஆகல அண்ணே, புதுசு மாதிரியே இருக்கு" என்றான் ஜெயகாந்தன். "ஒயிலு பூராவும் கந்தப்பளைக்கு முன்னாலயே ஒழுகிருச்சு. பிரேக்குதான் இல்ல."