அரைக்கேஸ் வக்கீல் பார்க்காத கை

அவரைப் போல ஒரு வக்கீலைக் கிருஷ்ணகிரி கோர்ட் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பெங்களூரிலேயே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே பெஞ்ச் கிளார்க். அடிபட்ட கேஸ் எதுவானாலும் அவர் இரண்டாகப் பிளப்பார். "முதல்ல தப்பு யாருதுன்னு தீரட்டும். எவ்ளோ அடி, என்ன நஷ்டம்ங்கறது அப்புறம், தனியா" என்பார். அதனால் ஊரே அவரை அரைக்கேஸ் வக்கீல் என்றது.

ஒருநாள் ஓட்டலில் கொதிக்கிற சாம்பார் அவர் தொடையில் கொட்டிவிட்டது. சர்வர் பதறினான். "ஐயோ சார், சுட்டுடுச்சா?"

"அது அப்புறம். யாரு கை தட்டுச்சு, அதச் சொல்லு."

தொடை வெந்துகொண்டிருக்க, பக்கத்து மேஜைக்காரர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் குறுக்கு விசாரணை செய்தார். தட்டியது அவருடைய முழங்கையேதான் என்று தெரிந்தது. "அப்ப கேஸ் தள்ளுபடி. காபி கொண்டா" என்றார். இப்படியும் ஒரு மனிதரா என்று நான் வாயைப் பிளந்தேன்.

அவரிடம்தான் பேரிகை ஊர் ஆரோக்கியமேரி வந்தாள். சந்தையில் தக்காளிக் கூடையோடு நின்றவள் மேல், ரிவர்ஸில் வந்த லாரி ஏறி வலது கை போய்விட்டது. அவளே குறுக்கே ஓடினாள் என்றது லாரித் தரப்பு. "தப்பு எங்களுது இல்ல. பாவம் பார்த்து ஏதோ குடுத்துடறோம்" என்றும் சொன்னது.

நம்மவர் மறுத்துவிட்டார். கையை முந்தானைக்குள் மூடிக்கொண்டுதான் மேரி கோர்ட்டுக்கு வர வேண்டுமாம். தானும் பார்க்க மாட்டாராம்.

"கையப் பார்த்தாத்தானுங்கய்யா ஜட்ஜய்யாவுக்கு மனசு எறங்கும்?"

"அதுக்குதாம்மா வேணாங்கறேன். மனசு எறங்கிக் குடுத்தா பிச்சை. தப்புக்குக் குடுத்தாத்தான் அது உன்னுது."

நீதிபதியும் சம்மதித்துத் தப்பை மட்டும் முதலில் விசாரித்தார். லாரி கிளீனர் சாட்சிக் கூண்டில் ஏறினான். வண்டி ரிவர்ஸில் போகும்போது, பின்பக்கம் நின்று பாடியைத் தட்டிக் குரல் கொடுப்பது கிளீனர் வேலை. நம்மவர் அவனுடைய தெலுங்கிலேயே குழைந்தார்.

"ஏம்பா, நீதான் குரல் குடுத்து வண்டிய அவ மேல ஏத்துனியாமே?"

"ஐயையோ, நானில்லீங்க! நான் டீக்கடையில இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்!"

பின்னால் ஆளே நிற்காமல் லாரி ரிவர்ஸில் வந்தது அவன் வாயாலேயே வெளியாகிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். தப்பு லாரியுடையதுதான் என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாம் பாதிக்கு நாள் வந்தது. "இப்பக் காட்டும்மா" என்றார். மேரி முந்தானையை விலக்கினாள். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. வக்கீல் வாதாட எழுந்தார். அப்படியே உட்கார்ந்து கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்ட நஷ்டஈட்டை நீதிபதி குறைக்கவே இல்லை.

"இது பிச்சை இல்லீங்களேய்யா?" என்று கேட்டாள் மேரி.

"உன்னுதும்மா."

எல்லோரும் போன பிறகும் அவர் எழவில்லை. பெஞ்ச் கிளார்க், வக்கீல் நாற்காலியில் உட்காரக் கூடாது. நான் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.