எந்த ஊரு கண்ணு?

நீளமாகப் பேசத் தயாராகிப் போகிறவன் ஒரே வார்த்தையில் கவிழ்ந்துவிடுவான். இது அறிவுரை இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன சொந்தக் கதை.

ஏற்காட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பித் தோட்டம் நடத்திய காலம். என் அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாழப்பாடியிலிருந்து மலையேறி வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான். வாழப்பாடி கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் மலைக்காரர்களுக்கு நாங்கள் கீழ்நாட்டு ஆட்கள். அவர்களுடைய ஊர்க்கூட்டத்தில் எங்களுக்கு இடம் கிடையாது.

இல்லாவிட்டால் போகிறது என்று இருந்திருப்போம். தண்ணீர்ப் பாடு எங்களை அப்படி இருக்க விடவில்லை. கோடையில் எங்கள் லைன் கிணறு வற்றிவிடும். செம்மநத்தம் போகும் வழியில் மலைக்காரர்கள் ஊரில் ஓர் ஊற்று உண்டு. யார் எப்போது எடுப்பது என்று முறை வைப்பது அவர்கள் கூட்டம். கூட்டத்தில் ஆள் இல்லாத எங்களுக்குக் கடைசி முறை. ஊர்ப் பெண்கள் எடுத்து, மாடுகளும் குடித்துப் போன பிறகு, அடியில் மிஞ்சிய கலங்கலைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவாள் என் மனைவி ராமாயி. அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

அந்த ஊரில் சடையன் என்று ஒரு விவசாயி, சாமையும் ஆரஞ்சும் போடுகிறவர். எங்களுக்காக ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு நடையாய் நடந்தவர் அவர்தான். "அவங்களும் இங்கதானுங்க பொறக்கறாங்க, இங்கதானுங்க சாகறாங்க" என்று பேசிப் பேசி, லைன் சார்பில் ஒரு ஆள் கூட்டத்தில் உட்காரச் சம்மதம் வாங்கிவிட்டார். லைனில் வாய் நீளம் எனக்குத்தான் என்று என்னை அனுப்பினார்கள்.

நான் ஒரு பிரசங்கம் தயாரித்தேன். வேலை நேரத்தில் காப்பிச் செடிகளிடம் அதைப் பேசிப் பார்த்தேன் (அவை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை). எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கினேன். அதற்குள் என்னைப்போல் இன்னொருவனும் தாராளமாக நுழையலாம்.

போகும் வழியில் சடையன் சொன்னார்: "உக்கார்றதுக்கு மின்ன சாமி முன்னால கவுண்டரு ஒண்ணு கேப்பாருங்க. அதுக்குப் பதில் சொல்லீட்டா முடிஞ்சுதுங்க."

"ஒண்ணு என்னங்க, ஒம்பது கேக்கட்டும்" என்றேன். என்ன கேள்வி என்று விசாரிக்கத் தோன்றவில்லை. பிரசங்கத்தின் நடுவில் ஒரு வரி மறந்து மறந்து போய்க்கொண்டிருந்தது. கவலை எல்லாம் அதன்மேல்தான்.

கோயில் முன்னால் கம்பளி விரித்து, எனக்கென்று ஓர் ஓரம் விட்டிருந்தார்கள். லைன் ஆட்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். ராமாயி குடத்தோடு வந்திருந்தாள் (முறை கிடைத்ததும் நேராக ஊற்றுக்குப் போகிற உத்தேசம்).

கவுண்டர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு வாஞ்சையாகவே கேட்டார்.

"எந்த ஊரு கண்ணு?"

"வாழப்பாடிங்க."

சொன்னது நான்தான். எங்கள் எஸ்டேட்டில் என்னையும் சேர்த்து மாரிமுத்துக்கள் நிறையப் பேர். தினமும் காலையில் ஆள் எடுக்கும்போது ரைட்டர் "எந்த ஊரு மாரிமுத்து?" என்பார். அப்பன் ஊரைச் சொன்னால்தான் வேலை. தூக்கக் கலக்கத்திலும் சொல்லிப் பழகிய வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. 'இந்த ஊருங்க' என்று சொல்லியிருந்தால் முடிந்தது விஷயம்.

சடையன் கண்ணை மூடிக்கொண்டார். கவுண்டர் திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். "நல்ல ஊருங்க" என்று மட்டும் சொன்னார்.

"இல்லைங்க, நான் அந்த ஊரைக் கண்ணுலயே பார்த்ததில்லைங்க" என்றேன்.

"சொந்த ஊரை ஒருக்காகூடப் பாக்கலியா?" என்று பக்கத்தில் இருந்தவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அது நொம்பத் தப்புங்க. ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க."

சாமி முன்னால் சொன்ன சொல்லை அடுத்த வருஷக் கூட்டம் வரை மாற்ற முடியாது என்பது அந்த ஊர் வழக்கம். நான் நின்றபடியே திரும்பினேன். பிரசங்கம் கோட்டோடு திரும்பி வந்தது.

மறுநாள் ராமாயி குடத்தை என் கையில் கொடுத்தாள். "ஏனுங்க, இனி நீங்களே போய் எடுத்தாங்க. வேணும்னா கோட்டுப் போட்டுக்குங்க."

அந்தக் கோடை முழுக்க மாடுகளுக்குப் பின்னால் நின்றேன். என் ஒரு வார்த்தையால் லைன் மொத்தமும் கலங்கல் குடித்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவமானமாக இருந்தது. வேடிக்கையாகச் சொல்லிப் பழகிவிட்டேனே தவிர, இந்த இடத்தில் எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை.

அடுத்த வருஷம் ஆத்தூர் மாரிமுத்துவை அனுப்பினார்கள். அதிகம் பேசாதவன். "இந்த ஊருங்க" என்றான், உட்கார்ந்தான். எங்களுக்குக் காலை முறை கிடைத்தது. அதைக் கேட்டு ராமாயி அழுதாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

துரைமார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. வீட்டுக்குள் குழாயே வந்துவிட்டது. இன்றைக்கும் நான் வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் ராமாயி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாள்.

"வாழப்பாடியில இருந்து வரணுமுங்க. கொஞ்சம் பொறுங்க" என்பாள். மருமகளும் அதையே சொல்கிறாள். வாய் திருந்தாத பேத்திகூட "வாயப்பாடி" என்கிறது.

நானே எழுந்து போய் மொண்டு குடித்துக்கொள்கிறேன்.