பூதம் சாக எத்தனை நிமிடம்?

முடிந்த பிறகும் முடிக்காத மனிதர்கள் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்தவுடன் தெரியாது. நம்மைப் போலவே இட்லி சாப்பிடுவார்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்பார்கள். ஒரு மேடையில் ஏற்றிவிட்டு இறங்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவன் எங்கள் குழுவின் ஜெயபாண்டி. அருப்புக்கோட்டையிலிருந்து வேனில் கிளம்பி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சிறுவர் நாடகம் போடுகிற நாலு பேர் நாங்கள். கதை எளிது. கண்மாய்த் தண்ணீரையெல்லாம் ஒரு பூதம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். சுகப்பிரியா விவசாயி மகளாக வந்து, கருவேல முள்ளால் அதன் வயிற்றில் குத்துவாள். பூதம் ஒரே ஒரு 'ஐயோ' சொல்லிச் சாகும். உடனே மேகம் வந்து பாடி, பூவாளியால் பிள்ளைகள் தலையில் மழை பெய்யும். அவ்வளவுதான்.

பூதம் ஜெயபாண்டி. மேகம் நான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். இயற்பியல் பட்டதாரி. மழை எப்படிப் பெய்கிறது என்று பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். பெய்யத்தான் கொடுத்து வைக்கவில்லை. ஏனென்றால் ஜெயபாண்டி சாக மாட்டான்.

முள் குத்தியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்வான், சாய்ந்தவன் வராந்தாத் தூணைப் பிடிப்பான், தூணை விட்டு முழங்காலில் நடப்பான், தாய்ப் பூதத்தைக் கூப்பிடுவான், கதையிலேயே இல்லாத தங்கைப் பூதத்துக்கு ஆசி வழங்குவான், விழுவான், கைதட்டல் கேட்டால் எழுந்து இன்னொரு தரம் விழுவான். மல்லாங்கிணறில் ஒன்பது நிமிடம் செத்தான். வீரசோழனில் பதினேழு. இரண்டு இடத்திலும் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பஞ்சு ஒட்டிய குடையோடு கதவுக்குப் பின்னால் நின்ற என்னைத் தாண்டிப் பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள்.

மேளம் அடிக்கும் எங்கள் தலைவர் சகாபுதீன் வேனில் கேட்டே விட்டார்.

"ஏம்ப்பா ஜெயபாண்டி, நாப்பது நிமிச நாடகத்துல சாவு மட்டும் பதினேழு நிமிசமா?"

"பாய், நான் பூதம். எலியா, பொசுக்குன்னு சாக?"

"எலியா இருந்தா இந்நேரம் மழ பேஞ்சிருக்கும்," என்றேன்.

"ஏலே, எனக்குப் பிள்ளைக அழுகுதுக. மேகத்துக்கு எவன்லே அழுதான்?"

இந்த வறண்ட சீமையில் மேகத்துக்கு அழாதவன் எவன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை. சரியான விடை எனக்கு எப்போதுமே தேர்வு அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தோன்றும்.

கடைசிப் பள்ளி, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரிலேயே. அங்கே என் தங்கை முருகலட்சுமி ஐந்தாம் வகுப்பு. டிகிரி முடித்துவிட்டு உங்கண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்லி வைத்திருந்த பதில்: "மழையா இருக்கான்." அன்றைக்கு நான் பெய்தே தீர வேண்டும்.

முள் குத்தியது. ஜெயபாண்டி தொடங்கினான். பத்தாவது நிமிடம் சாம்பார் வாசம் வந்துவிட்டது. அவன் மூன்றாவது தடவை விழுந்தபோது, முதல் வரிசையிலிருந்து முருகலட்சுமி எழுந்து வந்தாள். சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவினாள். பூதத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள், செத்தவர்களுக்குக் கட்டுவார்களே, அப்படி.

"ஏத்தா, என்ன செய்யிற?" என்றது பூதம்.

"செத்தவுக பேசக் கூடாது."

"நான் இன்னும் சாகலத்தா."

"மூணு தடவ செத்துட்டீக. நாங்க எண்ணுனோம்."

அதற்குள் நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, பழகிய குரலில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு மரியாதைக்குப் பிறகு எந்தப் பூதம் எழும்?

நான் நுழைந்தேன். பாடினேன். பெய்தேன். மேகமே இல்லாத வானத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு குதித்தார்கள். "நாஞ் சொல்லல?" என்று முருகலட்சுமி பக்கத்துப் பிள்ளையை இடித்தாள். இடித்த அந்த இடி எனக்குத் தலைக்கேறிவிட்டது. பாட்டில் இரண்டு சரணம்தான். மூன்றாவதை அங்கேயே கட்டினேன். பூவாளி தீர்ந்தது, குழாயடிக்கு ஓடி நிரப்பி வந்தேன். வாயால் இடி இடித்தேன். குடையைச் சுழற்றிப் புயலானேன். மணி அடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் சோறு வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"தம்பி, போதும்," என்றார் தலைமையாசிரியை சௌந்தரம். "தட்டுல தண்ணி விழுகுது."

"இன்னும் ஒரே ஒரு சரணம், டீச்சர்."

"ஏலே," என்றான் தரையில் கிடந்த ஜெயபாண்டி, "என் கால அவுத்துவிட்டுட்டாவது பேய்லே."

நான்காவது சரணத்துக்கு மூச்சை இழுத்தேன். முருகலட்சுமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு சடையின் ரிப்பனை உருவிக்கொண்டிருந்தாள்.

இறங்கிவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று போனில் நீங்கள் 'சரி, வைக்கிறேன்' என்று சொன்னதற்கும் வைத்ததற்கும் நடுவே எத்தனை நிமிடம்? விருந்துக்குப் போன வீட்டில், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் ஆரம்பித்தீர்களே ஒரு கதை, அது எப்போது முடிந்தது? ஆண்டுவிழாவில் உங்கள் பேச்சில் 'இறுதியாக' எத்தனை தடவை வந்தது? நீங்கள் எண்ண வேண்டாம். அதற்கென்று முதல் வரிசையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.