ஆடும் நாற்காலிக்கு வந்தவர்

இந்த முறை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று நல்லுசாமி சபதமே எடுத்துவிட்டார். அட்டுவம்பட்டிக் குளிரில் பன்னிரண்டு வருடம் பல் தந்தியடித்தது போதும். இனி சொந்த ஊர் பாலசமுத்திரம், தென்னந்தோப்பு, நாலு சொட்டு வேர்வை.

மனைவி ஜெயப்பிரியா மலையை விட்டு இறங்குவதாயில்லை. மனநல ஆலோசகர். பயத்தை விரட்டாதீர்கள், பக்கத்தில் உட்காரவைத்துக் கவனியுங்கள் என்று கொடைக்கானலுக்கே சொல்லிக்கொண்டிருப்பவள்.

பேய் நடமாடும் வீட்டில் எவள் குடியிருப்பாள்? கூடத்து ஆடும் நாற்காலியில் நைலான் நூலைக் கட்டி, நுனியோடு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார் நல்லுசாமி.

சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. அலமாரி மறைந்தது. அப்புறம் சுவர். இழுத்தார்.

கீச்... கீச்...

ஜெயப்பிரியா அலறவில்லை. முக்காலியை எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்க," என்றாள் நாற்காலியிடம். "என் நெஞ்சுல பயம் பாரமா இருக்கு. உள்ளங்கை அகலம். சாம்பல் நிறம். சரி, இருந்துட்டுப் போகட்டும்."

ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தார். நூல் அறுந்து கையோடு வந்துவிட்டது.

கீச்... கீச்...

நூலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"கை ஏன் இப்படிக் குளுந்து கெடக்கு?" பனிக்குள் யாரிடமோ கேட்டாள் ஜெயப்பிரியா.

நல்லுசாமி பாய்ந்து வந்தார். "ஏ புள்ள, எந்திரி! வெரசா ஊருக்கு எறங்கிருவோம்!"

"ஓடுனா பின்னாடியே வரும்ங்க. என்கிட்ட வந்த ஒருத்தர் வத்தலக்குண்டுக்கு ஓடுனாரு. பஸ்ல பக்கத்து சீட்டுலயே உக்காந்திருந்துச்சாம்."

"எ... எது?"

"பயம்தாங்க. வேற எது?"

"பாலசமுத்திரத்துக்கும் வருமோ?"

"தோப்புல நீங்க தனியா இருப்பீங்க. அதுக்கு இன்னும் சௌகரியம்."

"இங்கனயே இருந்துட்டா?"

"பழகிரும்."

அடுத்த நிமிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. ஐந்து வருடத்துக்கு. நாற்காலி நின்றது.

ஜெயப்பிரியா காகிதத்தை மடித்து உள்ளே வைத்தாள். "முந்தாநாள் நீங்க நூல் கட்டி ஒத்திகை பாத்தப்பவே பாத்துட்டேங்க."

நல்லுசாமிக்குப் போன உயிர் திரும்பியது. "அடிப்பாவி! அப்ப நூல் அறுந்த பொறவு ஆட்டுனது நீதானா?"

அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"நாற்காலிய நான் தொடவே இல்லைங்க. யாருன்னு எனக்கும் தெரியல. மெதுவாத் தெரிஞ்சுக்குவோம். அதான் அஞ்சு வருசம் இருக்குல்ல?"