புரட்டியின் முதுகு

நான் பொய் சொல்கிறவன் இல்லை. புரட்டுகிறவன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தொழிலில் நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் சண்டை ரோபோ கட்டுகிறவன். ஒரு கூண்டுக்குள் இரண்டு ரோபோக்களை விடுவார்கள். வெளியே நின்று ரிமோட்டில் ஓட்ட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் அசையாவிட்டால் தோல்வி. என் ரோபோவின் பெயர் புரட்டி. பதின்மூன்று கிலோ, நாலு சக்கரம், முன்னால் முறம் மாதிரி ஒரு தகடு. எதிராளியின் அடியில் தகட்டை நுழைத்துப் பொத்தானை அமுக்கினால் அவன் மல்லாந்துவிடுவான். திட்டம் அதுதான். ஆனால் எதிராளி கொஞ்சம் விலகிவிட்டால் தகடு தரையை உதைக்கும். புரட்டி தன்னைத்தானே புரட்டிக்கொண்டு கரப்பான்பூச்சி போல மல்லாந்து கிடக்கும். நிமிர வழி கிடையாது.

ஆறு ஆட்டம். ஐந்து தோல்வி. ஒரு வெற்றி, அதுவும் எதிராளி வராததால்.

வீட்டில் இதைப் புரட்டிச் சொன்னேன். ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. எண்களை நான் மாற்றவே இல்லை, இடத்தைத்தான் மாற்றினேன்.

சாட்சிக்குக் கோப்பை வேண்டாமா? பழைய சாமான் கடையில் ஐந்து வாங்கினேன். ஒவ்வொன்றின் மேலும் நின்ற பொம்மை வீரன் கையில் டென்னிஸ் மட்டை. ஐந்து மட்டையையும் ஒடித்தேன். மிச்சமிருந்த பிடியை மனைவியிடம் காட்டி, "இதுதாம்மா ரிமோட்" என்றேன்.

என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு தையல் விட்டுப்போனால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பவள். அவளா நம்பினாள்? நம்பினாள். கோப்பைகளை அலமாரியில் வரிசையாக வைத்து வாரா வாரம் துடைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். பிடுங்கிக்கொள்ளவில்லை. மாறாக, "சாம்பியன் விரல் தண்ணியில ஊறக்கூடாது" என்று அந்த நாக்காலேயே சொல்லி, என் பங்கு வேலையான பெருக்குவதையும் துடைப்பதையும் அவள் தலையில் கட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. சௌகரியமாகவும் இருந்தது.

போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

"எங்க?"

"உங்க ஆட்டத்துக்கு. கடைப் பொண்ணுங்க மூணு பேரும் வராங்க."

"அங்க ஒரே சத்தமா இருக்கும்மா."

"தையல் மிஷின் சத்தத்துலதான் இருபது வருஷமா இருக்கேன்."

"பொறி பறக்கும்."

"பறக்கட்டும். என் புருஷன் ஜெயிக்கிறத நான் பாக்க வேணாமா?"

தோற்பதுகூடப் பரவாயில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் ரோபோவின் பூர்வோத்திரத்தையே படிப்பார். எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, எல்லாம். அது அவள் காதில் விழக்கூடாது. ஆட்டத்துக்கு முன்பே விலகிவிடுவது ஒன்றே வழி.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கடையில் இருந்தபோது, புரட்டியின் மூடியைத் திறந்து பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். ஆட்டம் நடக்கும் மண்டபத்தில் ரிமோட்டை அமுக்குவேன். அசையாது. "எந்திரக் கோளாறு" என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

ஞாயிறு. மண்டபம். புரட்டியைச் சுற்றியிருந்த துணியை விலக்கினேன். அதன் முதுகில் அரைவட்டமாக ஒரு கம்பி நின்றது.

"இது என்னம்மா?"

"பிடிங்க."

பிடித்தேன்.

"ஐயோ, அதோட பேரு பிடிங்க. தூக்க வசதியா இருக்கும்னு நான்தான் முடுக்கி வச்சேன்."

சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினேன். புரட்டி உறுமிக்கொண்டு பாய்ந்து நடுவரின் காலை இடித்தது. கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நீல நூலால் கட்டி, நாலு முடிச்சு.

"கம்பி ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. கட்டிட்டேன்" என்றாள்.

எதிராளி ஒரு பல் டாக்டர். அவருடைய ரோபோவின் பெயர் ரம்பம். பேச ஆரம்பித்தால் டாக்டரும் ரம்பம்தான். ஆனால் அன்று எல்லோரையும்விட மோசமாக அறுத்தவர் அறிவிப்பாளர்.

"புரட்டி! ஆறு ஆட்டம், அஞ்சு தோல்வி! ஒரே ஒரு வெற்றி, அன்னிக்கு எதிராளியே வரல!"

மண்டபமே சிரித்தது. கடைப் பெண்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் மனைவியைப் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் மட்டும் என் பக்கம் திரும்பாமல் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. ரம்பம் விலகியது. தகடு தரையை உதைத்தது. புரட்டி வழக்கம்போல மல்லாந்தது. டாக்டர் திரும்பி நின்று கூட்டத்துக்குக் கையாட்ட ஆரம்பித்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நான் ரிமோட்டைக் கீழே வைக்கப் போனேன்.

"திரும்ப அமுக்குங்க!" பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரல் சொன்னால் செய்துதான் எனக்குப் பழக்கம். அமுக்கினேன். தகடு மறுபடி உதைக்க, புரட்டி அந்த வளைந்த பிடியின்மேல் தொட்டில் போல ஆடி, சாய்ந்து, உருண்டு நிமிர்ந்தது. டாக்டர் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார். அடியில் நுழைத்து ரம்பத்தைப் புரட்டினேன். பத்து எண்ணி முடிக்கும்வரை அது காற்றை அறுத்துக்கொண்டு மல்லாந்தே கிடந்தது.

முதல் நிஜ வெற்றி. துள்ளிக் குதிக்கத்தான் ஆசை. எந்த முகத்தோடு குதிப்பது? தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் ஆட்டத்துலேர்ந்தே. ஜெயிச்சு வந்தா புரட்டி முதுகு பூரா எப்படிங்க கீறல் விழும்?"

"கோப்பை?"

"ஒடிச்ச மட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. நீங்களே பெருக்கியிருந்தா அது எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏம்மா வாரா வாரம் தொடச்சே?"

"தொடைக்கிறதப் பாத்தாவது வாயத் தொறப்பீங்கன்னுதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சுடும்மா" என்றேன். ஆறு மாதத்தில் நான் சொன்ன முதல் புரட்டாத வார்த்தை. அவள் புரட்டியைப் பிடியோடு தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து கோப்பைகளையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தாள். அன்று மண்டபத்தில் கொடுத்த நிஜக் கோப்பையை அலமாரி நடுவில் வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன். என் காலடியில் 'ணங்'கென்று ஒரு வாளி வந்து உட்கார்ந்தது.

"இதுக்குப் பிடி எங்கம்மா?"

"உங்க புரட்டி முதுகுல. வாளியக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து வீட்டத் தொடைங்க."

"சாம்பியன் விரல்..."

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு..."

புரட்டிக்குப் பத்து வரை எண்ணுவார்கள். நான் மூன்றிலேயே நிமிர்ந்துவிட்டேன்.