ஹெஸ்டருக்காக நான் வாங்கிய கார்

ஒரு ஆண்மகன் முப்பத்தைந்து வயதுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கவில்லை என்றால் அவன் ஆண்மகன் இல்லை, வெறும் பயணி. இந்தப் பொன்மொழியை அருளியவன் நான்தான். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து அருளினேன். மெதுவாகத்தான் அருளினேன். கீழே என் மனைவி ஹெஸ்டர் இருந்தாள்.

என் பெயர் பார்னபி. ஊர் நூலகத்தில் வேலை. கிசுகிசுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். கோபம் வந்தால்கூட வாயிலிருந்து 'உஷ்' என்றுதான் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் எங்கள் லிங்கன்ஷயர் பக்கம் ஊருக்கு ஊர் போர்க்காலத்து விமானதளம் உண்டு. விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் போகவில்லை. எங்கள் ஊர்த் தளத்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூம்புகளை வைத்து வளைவுகள் போட்டு, பந்தயத் தடம் ஆக்கிவிடுவார்கள். அதற்கு 'டிராக் நாள்' என்று பெயர். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ரோட்டில் ஓட்டினால் உள்ளே தள்ளிவிடும் வேகத்தில் ஓட்டலாம். பரிசு கிடையாது. போலீஸ் கிடையாது. முக்கியமாக, எதிரே டிராக்டர் கிடையாது. லிங்கன்ஷயர்க்காரனிடம் கேட்டுப் பாருங்கள், டிராக்டர் வராத ரோடு எங்கே என்று. சொர்க்கத்துக்குப் பக்கத்து வீடு என்பான்.

எங்கள் பக்கத்து வீடு சொர்க்கம் இல்லை. மிஸ்டர் பாக்லிங்டன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சிலிருந்து இன்னும் பெறவில்லை. டிராக் நாட்களில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே கொடி ஆட்டுகிறவர். வேலிக்கு மேலே தலையை நீட்டி எனக்கு ஆசை காட்டியவரே அவர்தான்.

ஆசை இருந்தது. தளம் இருந்தது. நடுவில் ஹெஸ்டர் இருந்தாள். ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். ஜாம் பூசிய வாயோடு 'நான் ஜாமைத் தொடவே இல்லை' என்று சாதிக்கும் முகங்களை தினமும் பார்ப்பவள். அவளிடம் போய் 'நான் டிராக்கில் ஓட்டப்போகிறேன்' என்று சொன்னால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். 'நீ கடையில தள்ளுவண்டியையே பிஸ்கட் அடுக்குல முட்டுறவன்' என்பாள். ஒரே ஒரு தடவை நடந்தது அது. பிஸ்கட் அடுக்குதான் நடுவழியில் நின்றது.

ஆகவே ஒரு திட்டம் தீட்டினேன். உண்மையில் பாதியைச் சொல்வது. பாதி உண்மை பொய்யாகாது, சிக்கனம்.

"ஹெஸ்டர், வார இறுதிக்கு ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான். உனக்காக."

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எனக்கா?"

"உனக்கேதான்."

"நான் கேக்கவே இல்லையே."

"கேட்டதுக்கப்புறம் வாங்கிக் குடுத்தா அதுக்குப் பேர் அன்பா?"

"எதையாவது உடைச்சிட்டியா?"

"இல்ல."

"அம்மாவோட தேநீர்க் கெண்டி?"

"அது நல்லாத்தான் இருக்கு!"

"அப்ப சரி. எனக்குன்னா எனக்குத்தானே?"

"முழுக்க."

"இன்னொரு தடவ சொல்லு, செல்லம். கேக்க நல்லா இருக்கு."

"முழுக்க முழுக்க உனக்குத்தான்."

கத்தி மறுபடி நகர்ந்தது. அந்த நிமிடம் நான் என்னை மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெண்ணெய் தடவப்பட்டது ரொட்டிக்கா எனக்கா என்றே தெரியவில்லை.

ரகசியமாக ஒரு ஹெல்மெட் வாங்கி பாக்லிங்டனின் தோட்டக் கொட்டகையில் பதுக்கினேன்.

"ஹெஸ்டர்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"தம்பி, என் வாய் பூட்டு."

"டிராக்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

"சாவிய நீங்களே வெச்சுக்குங்க."

அந்தப் பூட்டை நம்பினேன்.

பிறகு கார் பார்க்கும் படலம். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்போம். நான் என் முறைப்படி பார்ப்பேன். இன்ஜினை உறுமவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். டயரை எட்டி உதைப்பேன். 'ம்ம்' என்பேன். ஹெஸ்டர் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மை, ஸ்கெக்னெஸ் கடற்கரையில் வாங்கிய கழுதை, அதைக் கைப்பையிலிருந்து எடுத்து அந்நியர்களுடைய கார் மேல் ஒட்டினாள்! கௌரவமான மனிதர்களுடைய கார் மேல்! கழுதையை!

முதல் வண்டி மஞ்சள். இன்ஜின் சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹெஸ்டர் கதவுக்குக் கீழே குனிந்தாள். கழுதை ஒரு கணம் யோசித்தது. பொத்தென்று விழுந்தது.

"இங்க இரும்பு இல்ல. துருவை மறைச்சு பட்டி பார்த்திருக்காங்க," என்றாள் ஹெஸ்டர்.

விற்கிறவர் முகம் வண்டியைவிட மஞ்சளானது. நாங்கள் கிளம்பினோம்.

இரண்டாவது வண்டி கறுப்பு. நீள மூக்கு. சுற்றிலும் ஒட்டியும் கழுதை விழவில்லை. உள்ளே உட்கார்ந்தேன். நான் ஆறடி நாலங்குலம். விளக்குக் கம்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த வண்டி எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. தலைக்கு மேலே இடம்கூட இருந்தது.

"இதுதான்!" என்றேன்.

"இதுக்குக் கூரை இருக்கு," என்றாள் ஹெஸ்டர்.

"கூரை இருக்கறது ஒரு குறையா?"

"எனக்கு வெயில் மேல படணும்."

"லிங்கன்ஷயர்லயா?"

"வரும். வருஷத்துல ரெண்டு நாள் வரும். அன்னிக்குக் கூரையோட இருந்தா மனசு தாங்குமா?"

"ஹெஸ்டர், மத்த நாளெல்லாம் மழை!"

"பார்னபி. யாருக்கு வாங்கற கார் இது?"

என் பொய் என் வாயிலேயே உட்கார்ந்துகொண்டு வழி மறித்தது. கறுப்பு வண்டி போயிற்று. வீடு திரும்பியதும் ஆத்திரம் தாங்காமல் சமையலறைக்குப் போய், யாரையும் கேட்காமல், நானே தேநீர் போட்டுக் குடித்தேன். எங்கள் நாட்டில் ஒரு மனிதன் அதற்குமேல் கொந்தளிக்க முடியாது.

மூன்றாவது, பச்சை. மிசஸ் த்ரெல்கெல்ட் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் வைத்திருந்தார். கூரையை மடக்கிவிடலாம். இரண்டே இருக்கை. வண்டி குப்புறக் கவிழ்ந்தால் தாங்குவதற்கு இருக்கைகளுக்குப் பின்னால் வளைந்த இரும்புக் கம்பி. குளிர்காலத்தில் வண்டிக்குக் கம்பளி போர்த்துவாராம். கழுதை எங்கே ஒட்டினாலும் கோந்து போட்ட மாதிரி நின்றது.

ஹெஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். உச்சந்தலையில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தாள். அப்படியே கையைப் பின்னால் கம்பி வரைக்கும் கொண்டுபோனாள். முடியைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். பெண்களுக்கு முடி பற்றிய கவலை உண்டல்லவா.

"இப்ப நீ உக்காரு," என்றாள். "முதுகை நிமிர்த்தி."

வகுப்பறைக் குரல். உட்கார்ந்தேன். முழங்கால்கள் காதுகளை விசாரித்தன. முன்கண்ணாடி என் மூக்கோடு முடிந்தது. நெற்றி முழுக்க வானத்தில்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்," என்றேன். ஒரு பல் மருத்துவரின் முன்னால் பல்லைக் கடிக்கக் கூடாது.

ஹெஸ்டர் என் நெற்றியையும் பின்னால் இருந்த கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாம் பார்னபி. இது உனக்குச் சரிப்படாது. ரொம்ப வேகம்."

சரிப்படாதா? எனக்கா? ரொம்ப வேகமா? ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது நெட்டையனிடம் கால் வரைக்கும் நீளம். மிசஸ் த்ரெல்கெல்டின் தேநீர் ஆறுவதற்குள் பேரம் முடிந்துவிட்டது. வண்டியை ஹெஸ்டர் பெயரில் பதிந்தோம். பொய் சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை.

அதன்பின் வந்த வாரங்களில் லிங்கன்ஷயரின் அத்தனை வண்டுகளும் என் நெற்றிக்கு விலாசம் தெரிந்து வந்தன. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. டிராக் நாள்.

"கிராமத்துப் பக்கமா சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன். உனக்குத்தான் உங்க அக்கா வீட்டுக்குப் போகணுமே."

"அக்கா எங்கயும் ஓடிட மாட்டா. நானும் வரேன். சாப்பாடு கட்டிக்கிட்டுப் போலாம்."

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கார் அவளுடையது! சுற்றுலாக் கூடை ஒன்று தயாராகவே இருந்தது. தூக்கினேன். தோள்பட்டை இறங்கிவிட்டது.

"உள்ள என்ன, கல்லா?"

"பழக் கேக். அம்மா செஞ்சது."

ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரின் பழக் கேக்கைத் தூக்கிய அனுபவம் எனக்கு உண்டு. நல்ல வெயிலில் ஹெஸ்டர் முழுக்கைச் சட்டையும் தட்டையான ஷூவும் போட்டிருந்தாள். அதையும் கேட்கவில்லை. என் ஹெல்மெட்டைக் கம்பளியில் சுருட்டிப் பின்பெட்டியில் ஒளிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

விமானதள வாசலில் வண்டியை மெதுவாக்கினேன். மூக்கில் விரலை வைத்தேன்.

"அட! ஹெஸ்டர், இங்க பாரேன், ஏதோ கார் ஓட்டறாங்க!"

"அட!"

"என்ன ஒரு தற்செயல்!"

"தற்செயல்தான்."

"வந்தது வந்துட்டோம். ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா? பின்னாடிகூட ஒரு ஹெல்மெட் கிடக்குன்னு நினைக்கறேன்."

"தற்செயலாவா?"

"ஆமா."

"போ, போ. வரிசையில நில்லு."

நின்றேன். இருதயம் இன்ஜினைவிட அதிகமாக உறுமியது. வரிசையின் முன்னால் வண்டிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர் பாக்லிங்டன். கையில் கொடி இல்லை. துடைப்பக் கட்டை.

"கூரையில்லாத வண்டியா? ஹெல்மெட்ட மாட்டுங்க தம்பி."

மாட்டினேன். கட்டையின் ஒரு முனையை முன்கண்ணாடி விளிம்பில் வைத்தார். மறு முனையைப் பின்னால் இருக்கும் கம்பியில் வைக்கப் போனார். 'டங்' என்றது. என் தலை.

"சரிஞ்சு உக்காந்து ஏமாத்தக் கூடாது. முதுகை நிமிர்த்தி உக்காருங்க."

நிமிர்ந்தேன். கட்டை சீசா பலகை மாதிரி என் தலைமேல் ஆடியது. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கட்டைக்குக் கீழ தலை இருக்கணும், தம்பி. வண்டி கவுந்தா கம்பி தாங்கணும். இப்ப உங்க தலைதான் தாங்கும். ஓட்ட விடமாட்டோம்."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" கத்தினேன். அதாவது, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும் அளவுக்கு.

"இங்க நான்தானே கட்டை பிடிக்கறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

'முதுகை நிமிர்த்தி.' அன்றைக்கு ஹெஸ்டர் சொன்னதும் இதே வார்த்தை.

"ஹெஸ்டர்கிட்ட மட்டும் சொன்னீங்களா? சத்தியம் வாங்கினேனே!"

"உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவங்கதான் வந்தாங்க. கூரையில்லாத வண்டியில எவ்வளவு உயரம் வரைக்கும் விடுவீங்கன்னு கேட்டாங்க. பொது அறிவுக் கேள்வி. பதில் சொல்லாம இருந்தா மரியாதையா? அதுவும் எலுமிச்சை கேக்கோட வந்து கேக்கறாங்க."

"எப்ப வந்தா?"

"நீங்க ஹெல்மெட்ட எங்கிட்ட குடுத்தீங்களே, அன்னிக்குச் சாயந்தரம். கொட்டகைப் பக்கம் நீங்க ஹெல்மெட்டோட பூனை மாதிரி நடந்து வந்தத மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தாங்களாம்."

திரும்பிப் பார்த்தேன். ஹெஸ்டர் கூடையைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சிவப்பாக, உருண்டையாக, பளபளவென்று ஒரு ஹெல்மெட் வெளியே வந்தது.

அந்த நேரத்தில் என் வாயில் வந்த கேள்விக்கு என்னை மன்னியுங்கள்.

"கேக் எங்க?"

"வீட்ல. இறங்கு, செல்லம்."

"ஹெஸ்டர், இது என் சின்ன வயசுக் கனவு!"

"எங்கிட்ட அதச் சொல்லியிருந்தா, கூரையுள்ள கறுப்பு வண்டியவே வாங்கியிருக்கலாமே. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டியிருக்கலாம்." அவள் கைக்குட்டையால் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்தாள். "பச்சை வண்டியில உன்ன உக்காரவெச்சு, கடைசியா ஒரு தடவ வேணாம்னுகூடச் சொன்னேன். சரி, இது யார் வண்டி பார்னபி?"

நான் சுற்றிலும் பார்த்தேன். வரிசை மொத்தமும் பதிலுக்குக் காத்திருந்தது. எங்கள் ஊரில் வரிசையைத் தடுப்பது கொலைக்குச் சமம்.

"உன்னோடது."

"முழுக்க?"

"முழுக்க முழுக்க."

இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். பாக்லிங்டன் கட்டையை வைத்தார். அது இரண்டு முனையிலும் அழகாக உட்கார்ந்தது. கட்டைக்கும் சிவப்பு ஹெல்மெட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அன்றைக்கு அவள் உச்சந்தலையில் வைத்த உள்ளங்கைக்கும், இன்றைய முழுக்கைச் சட்டைக்கும் நான் இப்போதுதான் அர்த்தம் கண்டேன்.

பச்சை வண்டி கிளம்பிற்று. முதல் வளைவில் அவள் வேகத்தைக் குறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். குறைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு கறுப்பு வண்டியைத் தாண்டினாள். எனக்குத் தைத்த சட்டை மாதிரி இருந்ததே, அதே ஜாதி வண்டி. தாண்டும்போது எனக்குக் கைகாட்டினாள்.

பக்கத்தில் நின்று பாக்லிங்டன் கைதட்டினார். பிறகு கொடி ஆட்ட ஆள் குறைகிறது என்று வளைவுப் பக்கம் ஓடினார். போகிற போக்கில் துடைப்பக் கட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வரிசையில் அடுத்து ஒரு சின்னத் திறந்த வண்டி. உள்ளே என்னைவிட நெட்டையாக ஒருவர். பக்கத்தில் அவருடைய மனைவி, மடியில் ஒரு கூடை.

"முதுகை நிமிர்த்தி உக்காருங்க, சார்," என்றேன்.